நான்கு ஆண்டு ஓடிய மீன் தொட்டியில் சரளையை எடுத்து மணல் போடுவது

நீங்கள் கேட்டது இது: 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட நன்னீர்த் தொட்டி நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. அடியில் 6 செ.மீ. உயரத்துக்குச் சரளைக் கல். தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய்களால் இணைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர். பதினான்கு நியான் டெட்ரா, ஒரு ஜோடி கௌராமி, புதிதாக வந்த ஆறு கோரிடோராஸ் (தரையைத் துழாவி மேயும் சிறு கெளுத்தி மீன்கள்). கொஞ்சம் கிரிப்டோகோரைன் செடிகள், மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ். கோரிடோராஸுக்காகச் சரளையை எடுத்துவிட்டு மணல் போட விரும்புகிறீர்கள். சரளையை எடுத்தால் நல்ல பாக்டீரியா எல்லாம் போய் மீன்கள் இறந்துவிடும், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும் என்று பலர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா?

பாதிதான் உண்மை. உங்கள் தொட்டியில் மணல் போடலாம். ஒரே நாளில், மீன்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் போடுங்கள் என்பதே என் பதில். சரளையோடு வெளியே போகும் பாக்டீரியாவை எண்ணி எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சரளைக்கு இடையில் நான்கு ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் கசட்டை எண்ணித்தான். மீன்கள் உள்ளே நீந்திக்கொண்டிருக்கும்போது அதைக் கிளறக் கூடாது. சிறிது சிறிதாக மாற்றும் முறையில் அந்தக் கிளறல் ஒரு முறையோடு முடிவதில்லை. ஒவ்வொரு வாரமும், மீன்களின் மூக்குக்குக் கீழேயே நடக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை அடித்தளத்தை மாற்றியபோது எனக்கும் அதே அறிவுரைதான் கிடைத்தது. கால்வாசி மட்டும் எடு, இரண்டு வாரம் கழித்து அடுத்த கால்வாசி. மீன்களை உள்ளேயே விட்டு ஒரு மூலையிலிருந்து குவளையால் அள்ளத் தொடங்கினேன். மூன்றாவது குவளையிலேயே தொட்டி தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மாலையில் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலை மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்த்தபோது அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டியது. ஐந்து மீன்களை இழந்தேன். நான் எடுத்தது கால்வாசிச் சரளைதான். ஃபில்டரைத் தொடவே இல்லை. பாக்டீரியா குறைந்ததால் வந்த சாவு அல்ல அது. அழுகிய உணவும் மலமும் இலைத் துகள்களும் ஒரே நேரத்தில் நீரில் கலந்து, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டன. கசட்டுக்குள் அடைபட்டிருந்த அமோனியாவும் உடன் வெளியே வந்தது.

பாக்டீரியா எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீன் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் உயிரிகள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது பழைய பாடநூல்கள் சொன்ன நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகைதான் என்று 1998-இல் காட்டினார்கள். அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைராக்கள் இருப்பது 2015-இல் தெரியவந்தது. அவற்றில் சில மீன் வளர்ப்பு நீர்ச்சுழற்சி அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்தே கிடைத்தன. எந்த வகையானாலும் இவற்றுக்கு வேண்டியவை மூன்று: ஒட்டிக்கொள்ள இடம், அமோனியா, ஆக்சிஜன். இந்த மூன்றும் இடைவிடாமல் கிடைக்கும் இடம் உங்கள் கேனிஸ்டர் ஃபில்டரின் வயிறு. சரளையின் மேல் ஓரிரு செ.மீ. வரை ஓரளவு கிடைக்கும். அதற்குக் கீழே நீரோட்டம் குறைந்து ஆக்சிஜனும் குறைந்துபோகிறது. ஆகவே சரளையை எடுப்பதால் பாக்டீரியாவில் ஒரு பகுதியை இழப்பீர்கள். பெரும்பகுதியை இழக்க மாட்டீர்கள்.

இதில் ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. சரளைக்கு அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகளை வைத்து, காற்றுக் குழாயால் நீரைச் சரளை வழியே உறிஞ்சும் அடித்தட்டு ஃபில்டர் ஒன்று உண்டு. அந்த அமைப்பில் சரளைதான் ஃபில்டர். அதை எடுத்தால் பாக்டீரியா முழுவதும் போய்விடும்; அங்கே உங்கள் நண்பர்கள் சொல்லும் பயம் நூற்றுக்கு நூறு சரி. அப்படிப்பட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையோ கேனிஸ்டரையோ கூடுதலாக மாட்டி, குறைந்தது ஆறு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகே சரளையைத் தொடலாம். அந்தத் தட்டுகளின் மேல் மணலைப் போடவும் கூடாது; துளைகள் அடைத்துக்கொள்ளும்.

உங்களிடம் கேனிஸ்டர் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடந்த மூன்று வாரத்துக்குள் கழுவியிருந்தால் மணல் மாற்றும் வேலையைத் தள்ளிப் போடுங்கள். மாற்றிய பிறகும் ஒரு மாதம் வரை அதைத் திறக்காதீர்கள். இந்த நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா பலவும் நல்ல சூழலில் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும் என்றால், இவற்றுக்குப் பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். சரளையில் ஒரு பகுதியை இழந்திருக்கும் நேரத்தில் ஃபில்டரில் இருப்பதையும் கழுவி விட்டால் மீள்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். நீரோட்டம் மிகவும் குறைந்து கழுவியே ஆக வேண்டும் என்றால், தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, முதல் அடுக்கு ஸ்பாஞ்சை மட்டும் அதில் பிழிந்துவிட்டு மறுபடி வையுங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வளையங்களைத் தொட வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் பார்ப்பதே இல்லை. தொட்டி நீரின் பிஎச்சையும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) உங்கள் குழாய் நீரின் பிஎச்சையும் ஒரே நாளில் அளந்து பாருங்கள். குழாய் நீரை ஒரு பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அளக்க வேண்டும். குழாயிலிருந்து வந்தவுடன் அளந்தால் அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் கணக்கைக் குழப்பும். நான்கு ஆண்டு ஓடிய தொட்டியில், குறிப்பாக நீர் மாற்றுவதில் அவ்வப்போது அலட்சியம் இருந்திருந்தால், பிஎச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை நீரில் மெல்ல மெல்லத் தீர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். குழாய் நீர் 7.8 காட்ட, தொட்டி 6.2 காட்டுவது அரிதல்ல. மீன்கள் அந்த நீருக்குப் பழகி நன்றாகவே இருக்கும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பொறி இருக்கிறது. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: மீனுக்கு அதிகம் தீங்கு செய்யாத அமோனியம், செவுளை எரிக்கும் அமோனியா. எந்த வடிவம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஎச்சும் வெப்பநிலையும். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.06 சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 7-இல் 0.6 சதவீதம். பிஎச் 8-இல் 5 சதவீதத்துக்கும் மேல். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏறத்தாழப் பத்து மடங்கு. பிஎச் 6-க்கு அருகில் இறங்கிய தொட்டியில் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையும் மந்தமாகிவிடுவதால் அமோனியம் கொஞ்சம் தேங்கியே இருக்கும். அந்தத் தொட்டியில் நீங்கள் அடித்தளத்தைக் கிளறி, கூடவே பிஎச் 7.8 உள்ள புதிய நீரைப் பாதிக்கு மேல் ஊற்றினால், தூங்கிக்கிடந்த அமோனியம் ஒரு மணி நேரத்தில் நஞ்சாக விழித்துக்கொள்ளும். மீன்கள் இறந்ததும் புது மணலில் ஏதோ கெடுதல் இருந்திருக்கிறது என்று மணல்மேல் பழி விழும். குற்றம் மணலுடையது அல்ல.

ஆகவே இரண்டு அளவுகளுக்கும் அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதல் வேலை நீரைச் சரிசெய்வதுதான். இரண்டு மூன்று வாரங்களுக்கு, இரண்டு நாளுக்கு ஒரு முறை பத்து சதவீத நீரை மாற்றுங்கள். தொட்டி நீர் மெதுவாகக் குழாய் நீரை நோக்கி நகரும். இரண்டும் நெருங்கிய பிறகு மணலைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பொறுமையை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற எதில் சிறு தவறு நேர்ந்தாலும் சமாளித்துவிடலாம்.

இப்போது மணல். கோரிடோராஸுக்கு முனைகள் மழுங்கிய நுண்மணல் வேண்டும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள துகள்கள் மிகப் பொருத்தம். நீச்சல் குள ஃபில்டருக்கென்று விற்கும் சிலிக்கா மணல் நல்ல தேர்வு. துகள்கள் ஒரே சீரான அளவில் இருக்கும், தூசி குறைவு. கட்டட வேலைக்கு வரும் மணலில் களிமண்ணும் உப்பும் என்னென்னவோ கலந்திருக்கும். கடற்கரை மணலில் உப்போடு சிப்பித் தூளும் இருக்கும். இரண்டும் வேண்டாம். வாங்கிய மணலில் ஒரு பிடியை உலர்த்தி, அதன்மேல் வினிகரைச் சில துளிகள் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது நீரைக் கடினமாக்கிப் பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். கடின நீரில் வாழும் ஆப்பிரிக்க மீனான மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவருக்கு அது வரம், உங்கள் நியான்களுக்கு அல்ல. நிறத்தைப் பொறுத்தவரை, கண்ணைப் பறிக்கும் வெள்ளையை நான் தவிர்ப்பேன். வெளிர் தரையின்மேல் பல மீன்கள் தங்கள் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். நியானின் நீலமும் சிவப்பும் பழுப்பு மணலின்மேல்தான் எழுந்து நிற்கும்.

செடிகளுக்காக விற்கும் சத்து மண் உருண்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது உங்களுக்கு அதைச் சொல்லுவார்கள். செடி வளர்ப்பவர்களுக்கு அருமையான பொருள்தான். ஆனால் அவற்றில் பல வகைகள் முதல் சில வாரங்களில் தாமே அமோனியாவை வெளியிடும். கார்பனேட்டை உறிஞ்சிப் பிஎச்சை இறக்கும். மீன்கள் அன்று மாலையே திரும்பி வர வேண்டிய தொட்டியில் அதற்கு இடமில்லை.

அளவு எளிய கணக்கு. 90-ஐ 40-ஆல் பெருக்கி, வேண்டிய உயரமான 4-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் 14.4 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. ஆக 23 கிலோ. கழுவும்போது கொஞ்சம் போகும் என்பதால் 25 கிலோ வாங்குங்கள். நான்கு செ.மீ. போதும். கிரிப்டோகோரைன் நடும் பின்பக்கம் மட்டும் ஆறு செ.மீ. வரை சரித்துப் போடலாம். மணலை வேலை நாளுக்கு முந்தைய நாளே கழுவி வைத்துவிடுங்கள். வாளியில் கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், குழாயின் வாயை அடிவரை இறக்கி, கையால் துழாவிக்கொண்டே நிரம்பி வழிய விட வேண்டும். வழியும் நீர் தெளிவாகும் வரை. சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இங்கே மிச்சப்படுத்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு வாரம் கலங்கல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். சோப்பு பட்ட வாளி கூடவே கூடாது.

மணல் போடும் நாளுக்கு முந்தைய நாள் மீன்களுக்கு உணவு வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் தற்காலிகத் தொட்டியில் கழிவும் குறைவு. அன்று காலை முதல் வேலை ஹீட்டரின் மின் இணைப்பைப் பிடுங்குவது. கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். சூட்டோடு நீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். பிறகு சரளையை யாரும் தொடுவதற்கு முன், மேல்மட்டத்துத் தெளிந்த நீரை 50, 60 லிட்டர் அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கிக்கொள்ளுங்கள். மீன்களின் தற்காலிக வீடு அதுதான். கேனிஸ்டரின் இரண்டு குழாய்களையும் அந்தத் தொட்டிக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து, வெளிவரும் நீர் சுவரில் மோதும்படி திருப்பி, ஓடவிடுங்கள். இப்படிச் செய்தால் மீன்களுக்கும் காற்று கிடைக்கும், ஃபில்டரும் உயிரோடு இருக்கும். ஃபில்டரை நிறுத்தி மூடி வைத்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்கிறவர்கள் உண்டு. உள்ளே அடைபட்ட நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, காப்பாற்ற நினைத்த பாக்டீரியாவே மடியத் தொடங்கும். பிறகு அந்தக் கெட்ட நீரைப் புதிய தொட்டிக்குள் அடித்துவிடுவார்கள்.

மீன்களைப் பிடிப்பதற்கு முன் மரக்கட்டையையும் செடிகளையும் எடுத்துவிடுங்கள். ஒளிய இடமில்லாவிட்டால் துரத்த வேண்டிய தேவை குறையும். கட்டையைத் தூக்கும்போதே சரளை சற்றுக் கிளம்பும் என்பதால் மெதுவாக, மீன் பிடிக்கும் நிமிடத்துக்குச் சற்று முன்பு மட்டும். கோரிடோராஸை வலையால் பிடிக்காமல் குவளையால் மொண்டெடுங்கள். அதன் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முட்கள் வலையில் சிக்கினால், விடுவிக்கும் முயற்சியில் மீனுக்குத்தான் காயம். தற்காலிகத் தொட்டியை மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். கௌராமி துள்ளும். கிரிப்டோகோரைனை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் போதும். இடம் மாற்றியதும் அதன் இலைகள் கரைந்து விழக் கூடும். வேரைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். சில வாரங்களில் புது இலை வரும்.

சரளையை அள்ளுவதற்கு முன் இரண்டு கைப்பிடிச் சரளையை, மேல்பரப்பிலிருந்து மட்டும், ஒரு பழைய மெல்லிய காலுறையிலோ வலைப்பையிலோ கட்டி மீன்கள் இருக்கும் தொட்டியில் போட்டுவையுங்கள். பிறகு அது புது மணலின்மேல் உட்காரும். அதில் உள்ள படலம் புதிய பரப்புக்கு விதையாகும். மீதியைப் பிளாஸ்டிக் முறத்தாலோ விளிம்பு மழுங்கிய குவளையாலோ அள்ளுங்கள். மூலைகளில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கானை முறத்தின் முனை கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கற்களுக்கு அடியில் சரளை கறுத்துக் கிடந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உருவாகும் நஞ்சு. மீன்கள் உள்ளே இல்லாதபோது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஒளிந்திருக்கும் நத்தைகளும் குஞ்சுகளும் சரளையோடு போய்விடாமல், அள்ளியதை ஒரு தட்டில் பரப்பிப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். அடியில் தேங்கிய கறுப்பு நீரை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி வெளியேற்றி, துணியால் துடைத்துவிடுங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் தொட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள். கொஞ்சம் சரளையும் கொஞ்சம் நீரும் உள்ள தொட்டியைத் தூக்கினால் அந்தப் பாரம் அடிக்கண்ணாடியின் மூட்டுகளில்தான் இறங்கும். கசிவு அன்றே தெரியாது.

காலித் தொட்டியில் மணலைப் பரப்புவது இந்த நாளின் இனிமையான பகுதி. கட்டையையும் பெரிய கல்லையும் முதலில் நேராகக் கண்ணாடித் தரையில் நிறுத்திவிட்டு, அவற்றைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல்மேல் நிறுத்திய கல்லின் அடியை ஏதாவதொரு மீன் தோண்டினால் கல் சாயும். நீரை ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்லிய தாரையாக விடுங்கள். புதிய நீரில் குளோரின் நீக்கியை முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும். வெப்பநிலை பழைய நீருக்கு ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாதி நிரம்பியதும் செடிகளை நடுங்கள். முழுதும் நிரம்பிய பிறகும் ஃபில்டரை உடனே மாட்டாதீர்கள். மிதக்கும் மணல் துகள்கள் உள்ளே போனால் சுழலியின் அச்சைத் தேய்த்துவிடும். அரை மணி நேரம் படியவிட்டு, உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகி, மணல்மட்டத்திலிருந்து ஏழெட்டு செ.மீ. உயரத்தில் அது இருக்கும்படி பொருத்துங்கள். ஹீட்டரைக் கடைசியாக, முழுதும் மூழ்கிய பிறகு.

மீன்களைத் திரும்ப விடுவதற்கு முன், புதிய தொட்டி நீரைக் குவளை குவளையாகத் தற்காலிகத் தொட்டிக்குள் முக்கால் மணி நேரத்தில் கலந்துவாருங்கள். பிஎச் வேலையை முன்பே முடித்துவிட்டீர்கள் என்பதால் இது மென்மையாகவே நடக்கும். நீர் சற்றுப் பால் கலந்ததுபோல் இருக்கலாம்; மணல் தூசியால் மீனுக்குத் தீங்கில்லை. அன்று விளக்கைப் போட வேண்டாம், உணவும் வேண்டாம்.

அடுத்த பத்து நாள்தான் உண்மையான வேலை, ஆனால் பெரிய வேலை இல்லை. வழக்கமாகப் போடும் உணவில் பாதி, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் காலையில் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யத்தில் இருந்தால் எதையும் செய்யாதீர்கள். லிட்டருக்கு 0.25 மி.கி.யைத் தாண்டினால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை மாற்றுங்கள். அடுத்த நாளும் தாண்டினால் மறுபடியும். நைட்ரைட் ஏறினால் இன்னொரு கைமருந்து உண்டு. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து அதைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அதே நுழைவாயிலில் போட்டியிட்டு அதைத் தடுக்கும். 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் அயோடின் சேராத சாதாரண உப்பு போதும். கோரிடோராஸுக்கும் செடிகளுக்கும் இந்த அளவு பாதகமில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்வதானால் நியான்களைப் பாருங்கள். கௌராமி மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன். கோரிடோராஸும் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும், அது அதன் இயல்பு. இவை இரண்டும் ஆக்சிஜன் குறைவை மறைத்துவிடும். நியானுக்கு அந்த வசதி இல்லை. நியான்கள் கூட்டமாக நடு உயரத்தில் நீந்தினால் எல்லாம் நலம். மேல்மட்டத்தில் வரிசையாக நின்று வாயசைத்தால் உடனே காற்றுக்கல்லைப் போட்டு நீரை மாற்றுங்கள்.

மணல் தரையைப் பராமரிப்பது சரளையைவிட எளிது, முறைதான் வேறு. சரளையில் சைஃபன் குழாயை உள்ளே குத்தி இழுத்திருப்பீர்கள். மணலில் அப்படிச் செய்தால் மணலே வெளியே போய்விடும். குழாயை மணலுக்கு இரண்டு செ.மீ. மேலே பிடித்து, மெல்ல வட்டமாக அசைத்தால் மேலே கிடக்கும் கழிவு மட்டும் எழுந்து குழாய்க்குள் போகும். இத்தனை அழுக்கா என்று முதல் மாதம் உங்களுக்குத் தோன்றும். அழுக்கு கூடவில்லை. முன்பு அது சரளைக்குள் இறங்கி மறைந்தது, இப்போது கண் முன்னால் கிடக்கிறது. கோரிடோராஸின் மீசைகள் தேய்ந்துபோவதற்குக் கல்லின் கூர்மையைவிட இடுக்குகளில் அழுகும் இந்தக் கழிவுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதனால்தான் உங்கள் முடிவைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மாதம் ஒரு முறை விரலால் மணலை இலேசாகக் கிளறிவிடுங்கள், செடி இல்லாத இடங்களில் மட்டும்.

காலுறையில் கட்டிய பழைய சரளையை நான்காவது வாரம் எடுத்துவிடலாம். அதற்கு முன்பே, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே, கோரிடோராஸ் முகத்தைக் கண் வரை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, உணவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் செவுள்கள் வழியே இரு பக்கமும் பொழியவிடுவதைப் பார்ப்பீர்கள். சரளையின்மேல் அவற்றால் அதைச் செய்யவே முடிந்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டு அறை வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறும் ஒன்றாகவே மேயும்.